கடன் அறிக்கையில் பொய்க் கணக்கு: சட்டம் எதுவரை நம் பக்கம்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஷிப்டு முடிந்து மில் கேட்டிலிருந்து நேரே வந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். நடவு வயலில் சேற்றைக் கழுவிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒரு சகோதரி. பேர் வேண்டாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். குழுக் கடனாக ஒரு கம்பெனியில் 30,000 ரூபாய் வாங்கினார். பதினைந்து நாளுக்கு ஒரு தவணை, தவணைக்கு 730 ரூபாய். வேலை கிடைத்த நாளிலும் கிடைக்காத நாளிலும், காதில் கிடந்ததை அடகு வைத்தாவது, 52 தவணையையும் கட்டி முடித்தார். கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தார். ஒரு கறவை மாடு வாங்கலாம் என்று பாங்கிக்குப் போனார். மானேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். “அம்மா, உங்க சிபில் சரியில்லையே. பழைய பாக்கி நிக்குது. இன்னொரு கடனும் வாராக் கடனா இருக்குது” என்றார். “எந்தக் கடன் சார்?” என்றார் இவர். “அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா, மேலே இருந்து வருது” என்றார் அவர்.

மேலே இருந்து வருகிறதாம்! மழையா, இடியா, மேலே இருந்து வருவதற்கு?

அந்தச் சகோதரி அன்றைக்குத் திரும்பி வந்தவர் மாட்டை விடவில்லை. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, விட்டால் அந்தப் பணம் போய்விடும். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினார். மாதம் 2,000 ரூபாய் வட்டி மட்டும். கந்து வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பாங்கியின் கதவு சாத்தப்பட்ட இடத்திலெல்லாம் வட்டிக்காரனின் திண்ணை திறந்தே இருக்கிறது.

இந்த “மேலே” என்பது என்ன, அங்கே எழுதி வைத்திருப்பது பொய்யானால் அதைத் திருத்த நமக்குள்ள பாத்தியதை என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

பண்ணையில் வேலை செய்த நம் பெரியவர்களுக்குப் பண்ணைக் கணக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை பேரேட்டில் என்ன எழுதினாரோ அதுதான் கடன். அளந்து வாங்கிய நெல் ஒரு மரக்கால். ஏட்டில் ஏறியது இரண்டு மரக்கால். கேட்டால், “கணக்கில் இருக்கிறது” என்பதுதான் பதில். இப்போது அந்தப் பேரேடு பண்ணை வீட்டில் இல்லை. நான்கு கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் இருக்கிறது: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். இவற்றுக்குச் சட்டத்தில் “கடன் தகவல் நிறுவனம்” என்று பேர். நாம் பொதுவாகச் “சிபில்” என்று சொல்வது இந்த நான்கில் ஒன்றின் பேர்தான். அது 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மூத்தது என்பதால் அதன் பேரே எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

இவற்றுக்கான சட்டம் பாராளுமன்றத்தில் 2005-ல் நிறைவேறி, 2006 டிசம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் என்று பேர். கடன் கொடுக்கிற பாங்கியும் கம்பெனியும் குறைந்தது ஒரு தகவல் நிறுவனத்திலாவது சேர்ந்தாக வேண்டும் என்று அது சொன்னது. 2015-ல் ரிசர்வ் பாங்கி, நான்கிலும் சேர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே ஓரிடத்தில் எழுதிய தப்பு நான்கு இடத்துக்குப் போகிறது.

அந்த ஏட்டில் என்ன இருக்கும்? நம் பேர், பிறந்த தேதி, பான் எண், நாம் குடியிருந்த விலாசங்கள், போன் எண்கள். வாங்கிய ஒவ்வொரு கடனும், எப்போது வாங்கினோம், எவ்வளவு, இன்னும் எவ்வளவு நிற்கிறது, எந்த மாதத்தில் எத்தனை நாள் தாமதம். நாம் எங்கெங்கே கடன் கேட்டுப் போனோம் என்பதுகூட உண்டு. இதையெல்லாம் வைத்து 300-லிருந்து 900-க்குள் ஒரு எண் போடுகிறார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை சொல்வது போல, மனிதனுக்கு ஒரு எண்!

வட்டிக்கு விடுகிறவன் வாங்குகிறவனின் கணக்கைப் பார்ப்பது தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே வீட்டில் ஐந்து கம்பெனிகள் கடனைத் திணித்துவிட்டு, பிறகு ஐந்து பேரும் வாசலில் வந்து நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். 2022-ல் ரிசர்வ் பாங்கி போட்ட விதிப்படி, ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் நுண்கடனில், எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அதைக் கண்டுபிடிக்க ஓர் ஏடு தேவைதான். ஏட்டில் உள்ளது நிஜமா என்பதே நம் கேள்வி.

பொய் எப்படி நுழைகிறது? அந்தச் சகோதரியின் அறிக்கையை நாம் எடுத்துப் பார்த்தோம். இரண்டு தப்புகள் இருந்தன. இரண்டும் நம் ஜனங்களுக்குச் சகஜமாக நேர்வன. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலாவது, கடைசி நான்கு தவணை, 2,920 ரூபாய், கட்டவில்லை என்று இருந்தது. அவர் கட்டியிருந்தார். வசூலுக்கு வந்த பையன் வாங்கிக்கொண்டு கடன் அட்டையில் கையெழுத்தும் போட்டிருந்தான். “போயிட்டு வர்றேங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனவன் பிறகு வேலையை விட்டுப் போய்விட்டான். பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததா, கம்பெனியில் வரவு வைக்கத் தவறினார்களா, நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நமக்கில்லை. கம்பெனியின் ஆள் கையில் கொடுத்தால் கம்பெனியிடம் கொடுத்ததுதான்.

இரண்டாவது, அவர் வாங்கவே வாங்காத ஒரு கடன், “வாராக் கடன்” என்ற முத்திரையோடு நின்றது. விசாரித்ததில், பக்கத்துத் தாலுக்காவில் அதே பேர், தகப்பனார் பேரின் முதலெழுத்தும் அதே எழுத்து, பிறந்த தேதியும் ஒன்று. பிறந்த தேதி எப்படி ஒன்றாகும் என்று கேட்பீர்கள். நம்மில் எத்தனை பேருக்குப் பிறந்த தேதி தெரியும்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது, கார்டு எழுத வந்தவர் போட்டது. ஜூன் மாதம் முதல் தேதியிலும் ஜனவரி முதல் தேதியிலும் பிறந்தவர்கள் நம் தெருவில் எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்! குடும்பப் பேர் வைத்துக்கொள்கிற ஊர்க்காரர்களை மனதில் வைத்து இந்த ஏடுகளின் கட்டங்களை வகுத்திருக்கிறார்கள். முதல் பேர், கடைசிப் பேர் என்று இரண்டு கட்டம். நம்மிடம் கடைசிப் பேர் ஏது? ஒருவர் தகப்பனார் பேரை எழுதுகிறார், ஒருவர் புருஷன் பேரை எழுதுகிறார், ஒருவர் வெறும் எழுத்தைப் போடுகிறார். கல்யாணத்துக்கு முன் ஒரு முதலெழுத்து, பின் ஒரு முதலெழுத்து. கம்ப்யூட்டர் இரண்டு பெண்களை ஒருத்தியாக்கிவிடுகிறது. சில சமயம் ஒருத்தியை இரண்டு பேராக்கியும் விடுகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

இந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு, தகவல் துல்லியமாகவும் முழுமையாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது கடன் கொடுத்தவருக்கும் தகவல் நிறுவனத்துக்கும் கடமை என்கிறது. 21-வது பிரிவு நமக்கு உயிரான பிரிவு. கடன் கேட்டுப் போன இடத்தில், “எங்களைப் பற்றி நீங்கள் வாங்கிப் பார்த்த அறிக்கையின் பிரதி கொடுங்கள்” என்று கேட்கலாம். ரிசர்வ் பாங்கி வகுத்த கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு அவர்கள் கொடுத்தாக வேண்டும். “மேலே இருந்து வருது” என்று சொல்லி அனுப்ப முடியாது. தகவல் தப்பாகவோ பழையதாகவோ இருந்தால், தகவல் நிறுவனத்தையோ, கடன் கொடுத்தவரையோ, இருவரையுமோ திருத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்ட 30 நாளுக்குள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

இதைக் கேட்டதும் கை தட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அதே பிரிவில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. சட்டத்தில் நிபந்தனை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

முதல் நிபந்தனை: கடன் கொடுத்த நிறுவனம், “ஆமாம், இந்தத் திருத்தம் சரிதான்” என்று சான்று கொடுத்த பிறகுதான் தகவல் நிறுவனம் திருத்தலாம். அதாவது, நம் பேரில் தப்பு எழுதியவரே, தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் நிபந்தனை: அந்த விவகாரம் கோர்ட்டிலோ, டிரிபியூனலிலோ, மத்தியஸ்தரிடமோ நிலுவையில் இருந்தால், தீர்ப்பு வரும்வரை திருத்தம் கிடையாது, அதுவரை கடன் கொடுத்தவரின் புத்தகத்தில் உள்ளதே கணக்கு. நாம் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால், வழக்கு நடக்கிற வருஷமெல்லாம் எதிராளியின் ஏடுதான் நிற்கும்! பண்ணைக் கணக்கப்பிள்ளை கேட்டால் மெச்சிக்கொள்வார்.

இதற்கு வேறு வழியே கிடையாதா என்றால், உண்டு. அமெரிக்காவில் 1970-லேயே கடன் அறிக்கைக்கென்று ஒரு சட்டம் வந்தது. அமெரிக்கா தொழிலாளியின் சொர்க்கமல்ல. இந்த எண் போடுகிற வியாபாரம் செழித்து வளர்ந்த நாடு அது. ஆனாலும் அங்கே சட்டம் ஒன்று சொல்கிறது: தகவல் தப்பு என்று ஒருவர் ஆட்சேபித்தால், தகவல் நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் மறுவிசாரணை செய்ய வேண்டும், அந்தத் தகவல் தப்பென்று தெரிந்தாலும், சரியென்று ருசுப்படுத்த முடியாமல் போனாலும், நீக்கியோ திருத்தியோ ஆக வேண்டும். கடன் கொடுத்தவர் பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பதிவு நிற்க முடியாது. ஆட்சேபணை தீராவிட்டால், தன் தரப்பைச் சுருக்கமாக எழுதி அறிக்கையோடு சேர்க்கச் சொல்லலாம். இத்தனைக்குப் பிறகும் அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து பேரில் ஒருவருடைய அறிக்கையில், ஆட்சேபணைக்குப் பின் திருத்தப்பட்ட தப்பு இருந்தது தெரிய வந்தது. அங்கே மௌனம் கடன்காரனுக்குச் சாதகம். இங்கே மௌனம் கடன் கொடுத்தவனுக்குச் சாதகம்.

வெகுகாலம் இங்கே அப்படித்தான் இருந்தது. 30 நாள் என்று ஏட்டில் இருக்கும். 31-வது நாள் யாரைக் கேட்பது? தாமதத்துக்கு விலை இல்லை. 2023 அக்டோபர் 26-ல் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டது. 2024 ஏப்ரல் 26 முதல் அது அமலுக்கு வந்தது. இதை ஒவ்வொருவரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். புகார் கொடுத்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு. லீவு நாளும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான் கணக்கு. கடன் கொடுத்த நிறுவனத்துக்குக் கொடுத்திருப்பது 21 நாள். அதற்குள் அது திருத்திய தகவலை அனுப்பாவிட்டால் பணம் கொடுப்பது அதன் பாடு. அது 21 நாளுக்குள் அனுப்பியும் தகவல் நிறுவனம் 30 நாளுக்குள் முடிக்காவிட்டால், கொடுப்பது தகவல் நிறுவனத்தின் பாடு. புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் பணம் நம் பாங்கிக் கணக்குக்கு வந்துவிட வேண்டும். புகார் தரும்போதே நம் கணக்கு எண்ணைக் கொடுத்து வைக்க வேண்டும்.

அந்தச் சகோதரியின் விஷயத்தில் நாம் செய்தது இதுதான். முதலில் அறிக்கையை எடுத்தோம். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். 2017 ஜனவரி முதல் இந்த உரிமை உண்டு. போனிலேயே எடுக்கலாம். பணம் கேட்கிற பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்ப்பார்கள். இலவசம் என்ற இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். நான்கையும் எடுத்தோம். ஒன்றில் பொய்க் கடன் இல்லை, மூன்றில் இருந்தது. ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தால் ஏமாந்திருப்போம்.

பிறகு புகார். வக்கீல் வேண்டாம், பெரிய பாஷை வேண்டாம். “இந்தக் கணக்கு எண்ணில் இத்தனை ரூபாய் பாக்கி என்று இருக்கிறது, அது தப்பு, இந்தத் தேதிகளில் கட்டியிருக்கிறோம், கடன் அட்டையின் நகல் இணைத்திருக்கிறோம். இந்த இன்னொரு கடன் எங்களுடையதல்ல. நாங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் இருந்தால் காட்டுங்கள்.” அவ்வளவுதான். தகவல் நிறுவனங்களுக்கு அவற்றின் இணையப் பக்கத்தில் பதிந்து புகார் எண்ணை எழுதி வைத்தோம். கடன் கொடுத்த கம்பெனிக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். வாயால் சொன்ன புகாருக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாவிட்டால் 30 நாளை எங்கிருந்து எண்ணுவது?

இங்கே கடன் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-ஆம் ஆண்டின் நுண்கடன் விதிப்படி, கடன் வாங்கியவருக்குப் புரிகிற பாஷையில் கம்பெனி கடன் அட்டை கொடுக்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணையும், கடைசியில் கடன் தீர்ந்ததும், அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். நம் சகோதரிகள் பலர் கடன் முடிந்ததும் அட்டையைக் குழுத் தலைவியிடமோ கம்பெனி ஆளிடமோ கொடுத்துவிடுகிறார்கள். அல்லது பரணில் எறிந்து கரையான் தின்றுவிடுகிறது. தகவல் நிறுவனம் நம் கணக்கைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்கிறது. அவர்கள் ஏழு வருஷம் வைத்திருந்தால் நாமும் வைத்திருக்க வேண்டாமா? நமக்கு அந்த வழக்கில் கை கொடுத்தது அந்த அழுக்கேறிய அட்டையும் அதில் அந்தப் பையன் போட்ட நான்கு கையெழுத்தும்தான்.

புகார் கொடுத்தது ஜூன் 3. ஜூலை 3-ல் 30 நாள் முடிந்தது. கம்பெனி அசையவில்லை. “ஹெட் ஆபீஸுக்கு எழுதியிருக்கிறோம்” என்ற பழைய பாட்டுத்தான். நாம் உத்தரவின் தேதியையும் 100 ரூபாயையும் குறிப்பிட்டு மறுபடி எழுதினோம். ஜூலை 20-ல் இரண்டு பதிவும் திருத்தப்பட்டன. 17 நாள் தாமதம். 1,700 ரூபாய் கம்பெனியிடமிருந்து வந்தது.

வந்தது சந்தோஷம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாங்கி கைவிரித்ததற்கும் திருத்தம் வந்து கடன் கிடைத்ததற்கும் இடையே மூன்று மாதம். வட்டிக்காரனுக்குக் கட்டியது 6,000 ரூபாய். பொய் எழுதியவர்களிடமிருந்து வந்தது 1,700 ரூபாய். முதல் 30 நாளுக்குக் காலணா கிடையாது. அந்த ஒரு மாதம் பொய் எழுதியவருக்கு இலவசம்! அலைந்த நாட்களில் போன கூலியை இதில் நாம் சேர்க்கவே இல்லை. இந்த 100 ரூபாய் ஒரு ஆரம்பம் என்றுதான் நாம் மதிக்கிறோம். நியாயம் என்று மதிக்கவில்லை.

இன்னொரு உத்தரவும் அதே நாளில் வந்தது. பாக்கி விழுந்ததாகத் தகவல் நிறுவனத்துக்கு எழுதும்போது, கடன் கொடுத்தவர் நமக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். யாராவது நம் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் தகவல் நிறுவனம் நமக்குச் செய்தி அனுப்ப வேண்டும். திருத்தம் கேட்டு அவர்கள் மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நாம் கடன் வாங்கியபோது கொடுத்த நம்பர் எது? சீட்டுக் காலியானதும் சிம்மை மாற்றிவிடுகிறோம். சில சமயம் குழுத் தலைவியின் நம்பரையே எல்லோரும் கொடுத்திருக்கிறோம். செய்தி போகிறது, யாருக்கோ போகிறது. ஆகவே நம்பரை மாற்றினால் பாங்கியிலும் கம்பெனியிலும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருவோம். சட்டம் பொய்யைத்தான் திருத்தும். நிஜமான பாக்கியைத் திருத்தாது. லே-ஆஃப் சமயத்தில் மூன்று மாதம் கட்ட முடியாமல் போனது நிஜமென்றால், அது ஏட்டில் இருக்கும். மில்லை மூடியது முதலாளி. தவணை தவறியது தொழிலாளி. ஏட்டில் ஏறுவது தொழிலாளியின் பேர் மட்டும். இது நியாயமா என்பது வேறு சண்டை. ஆனால் இந்தப் புகார் மனுவில் அதைத் தீர்க்க முடியாது. எண் எப்படிப் போட்டார்கள், ஏன் குறைத்தார்கள் என்ற தகராறுக்கும் இந்த 100 ரூபாய் உத்தரவு பொருந்தாது. பதிவைத்தான் எதிர்க்கலாம். பதிவு திருந்தினால் எண் தானே திருந்தும்.

ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். “நான் வாங்கவில்லை, மச்சானுக்குக் கையெழுத்துத்தான் போட்டேன்” என்று வருகிற தோழர்கள் ஏராளம். ஜாமீன் போட்ட கடன் நம் அறிக்கையிலும் ஏறும். அது பொய்ப் பதிவல்ல.

“தள்ளுபடி” என்ற வார்த்தையும் நம்மை ஏமாற்றுகிறது. 2021-ல் நம் மாநில சர்க்கார் கூட்டுறவு பாங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அது நிஜத் தள்ளுபடி, கடன் போய்விட்டது. பாங்கிக்காரர் தம் புத்தகத்தில் வராத கடனை ஒதுக்கி எழுதுவதையும் தமிழில் தள்ளுபடி என்றே சொல்லிவிடுகிறார்கள். அது வேறு. அதில் கடன் போவதில்லை. வசூல் உரிமை அப்படியே இருக்கிறது. நம் பேரில் கறுப்புப் புள்ளி மட்டும் ஏறுகிறது. பேரம் பேசிக் குறைத்துக் கட்டி முடித்தால் “செட்டில்டு” என்று எழுதுகிறார்கள். முழுதும் கட்டி முடித்த “குளோஸ்டு” வேறு. பாதி கட்டிவிட்டு, “தீர்ந்துவிட்டது” என்று வசூல்காரர் சொன்னதை நம்பி வந்துவிடுகிறோம். பாங்கி அதைப் பார்த்துத்தான் மறுக்கிறது. பணம் கொடுக்குமுன் ஏட்டில் எந்த வார்த்தை எழுதப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கசப்பைத்தான் சில பேர் வியாபாரமாக்குகிறார்கள். “ஐயாயிரம் கொடுங்க அண்ணே, சிபிலை 800 ஆக்கித் தர்றோம்” என்று போனில் கூப்பிடுகிறவர்களை நம்பாதீர்கள். பொய்ப் பதிவானால் நாமே பைசாச் செலவில்லாமல் திருத்தலாம். நிஜப் பதிவானால் அவர்களாலும் முடியாது. ஆதாரையும் பான் கார்டையும் அவர்களிடம் கொடுத்தால் நம் பேரில் இன்னொரு கடன் ஏறினாலும் ஆச்சரியமில்லை.

“கடன் கிடைக்காவிட்டால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?” என்று ஒரு தோழர் வரும் வழியில் கேட்டார். கடனோடு நின்றால் சரி. நம் பிள்ளைகள் பாங்கி வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறுகிறார்கள். 2025-ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு பொதுத்துறை பாங்கி, வேலைக்குத் தேர்ந்தெடுத்த ஒருவரின் நியமனத்தை, அவருடைய கடன் அறிக்கை சரியில்லை என்று ரத்து செய்தது. பாங்கி செய்தது சரியே என்றது கோர்ட். கடன் ஏடு இப்போது வேலை ஏடாகவும் ஆகிவிட்டது! மறுபக்கம், மாணவருடைய சிபில் எண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-ல் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. முதல் தடவையாகக் கடன் கேட்பவருக்கு முன்கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கக் கூடாது என்றும், கடனுக்கு இத்தனை எண் வேண்டுமென்று ரிசர்வ் பாங்கி எதையும் வகுக்கவில்லை என்றும் மத்திய சர்க்கார் 2025 ஆகஸ்டில் லோக் சபையில் சொல்லியிருக்கிறது. கிளையில் வேறு மாதிரிப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

30 நாள் கழிந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் அநியாயம், அல்லது சேர வேண்டிய நஷ்டஈட்டை மறுக்கிறார்கள் என்றால், அடுத்த படி ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளர். 2022 செப்டம்பர் முதல் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. கட்டணம் கிடையாது. சண்டீகரில் உள்ள அவர்கள் அலுவலகத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிவுத் தபால் ரசீது இங்கேதான் வேலைக்கு வருகிறது. 30 நாள் கழிந்ததும், அல்லது பதில் வந்ததும், காலம் கடத்தாமல் மேலே அனுப்பிவிட வேண்டும். ஜில்லா நுகர்வோர் கமிஷனும் உண்டு. சிறிய தொகைகளுக்கு அங்கேயும் கட்டணமில்லை. ஆனால் விவகாரம் நிலுவையில் இருக்கும்போது அவர்கள் புத்தகமே நிற்கும் என்ற அந்த இரண்டாம் நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். அட்டை கையில் இருக்கிறவர்கள் முதலில் புகாரிலேயே முடிக்கப் பார்ப்பது நல்லது.

திருத்தம் வந்த பிறகும் ஒருமுறை அறிக்கையைப் பார்க்க வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்த கணக்கு, 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று விதி மாறியது. கடன் கொடுத்தவர் தம் ஏட்டைத் திருத்தாமல் தகவல் நிறுவனத்தின் ஏட்டை மட்டும் திருத்தியிருந்தால், அடுத்த தடவை பழைய பொய் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சகோதரிக்கு ஆகஸ்டில் மறுபடி எடுத்துப் பார்த்தோம். வரவில்லை. மாடு கன்று போட்டிருக்கிறது.

இனி வேலை. சங்க ஆபீஸில் போன் தெரிந்த இளந்தோழர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கடன் அட்டை கொண்டுவந்தவர்கள் இடதுபக்கம் வாருங்கள், ஓ.டி.பி. வரும் போனைக் கையில் வைத்திருங்கள், அதை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். அட்டை இல்லாதவர்கள் நாளை காலைக்குள் குழுத் தலைவியிடம் கேட்டு வாங்கி வையுங்கள். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களை முதலில் விடுங்கள்.